பின்பாரம்

“முன்னால வாங்க. இன்னும் கொஞ்சம் முன்னால. பெரியம்மா, நீங்க மூட்டைய மடியில வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்தா எப்பிடி? பின்பாரம் ஏறுதுல்லா?”

இதைச் சொல்லிக்கொண்டே பலவேசம் தம்முடைய குதிரை வண்டியின் ஏர்க்காலைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார். அது மேலே எழும்புகிறது. பெரியம்மா ஒரு சாண் நகர்கிறார். மறுபடி அமுக்குகிறார். இன்னும் எழும்புகிறது. உடனே என் பக்கம் திரும்பி, “வாத்தியாரையா, நீங்க கொஞ்சம் மனசு வைக்கணும்” என்கிறார். நான் ஏற்கெனவே அவர் உட்காரும் பலகையில் மூக்கு இடிக்கும்படிதான் இருக்கிறேன். ஆனாலும் மனசு வைக்கிறேன். ஊரிலிருந்து திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து, பள்ளிக்கூடத்து முதல் மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய ஆசிரியன் வேறு என்ன செய்ய முடியும்?

திருநெல்வேலி பாலம் ஸ்டேஷனிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகிற குதிரை வண்டிகள் நாற்பதுக்குக் குறையாது. எல்லா வண்டிக்கும் இரண்டு சக்கரம், ஒரு குதிரை, ஒரு கூண்டு, உள்ளே பரப்பிய புல்லின்மேல் ஒரு கோணி. பின்பக்கமாக ஏறிச் சம்மணம் கூட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்களின் கனம் பின்னால் கூடினால் ஏர்க்கால் தூக்கும், குதிரையின் வயிற்று வார் இறுகும். அது பின்பாரம். முன்னால் கூடினால் குதிரையின் முதுகில் அமுக்கும். அது முன்பாரம். எல்லா வண்டிக்காரர்களும் பாரம் பார்க்கிறவர்கள்தான். ஆனால் பாரத்தைக் கொண்டே மனிதர்களையும் எடை போடுகிறவர் பலவேசம் ஒருவர்தான்.

வக்கீல்கள் எல்லோரும் அவர் கணக்கில் பின்பாரம். கட்சிக்காரன் முன்னால் திண்டில் சாய்ந்து பழகியவர்கள், வண்டியிலும் சாய்வார்கள். ஜவுளிக்கடை முதலாளிகளும் அப்படியே. நாயனக்காரர்கள் நடுப்பாரம், வாத்தியத்தை அணைத்துக்கொண்டு அசையாமல் வருவார்களாம். நேரமாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிற எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான் நல்ல முன்பாரம். இதை அவர் என்னிடம் சொன்ன நாளில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரில் யாராவது பெண்ணுக்கு வரன் பார்த்திருப்பதாகச் சொன்னால், மாப்பிள்ளைக்கு நிலம் உண்டா, படிப்பு உண்டா என்று அவர் கேட்பதில்லை. “ஆளு முன்பாரமா, பின்பாரமா?” என்றுதான் கேட்பார். பின்பாரம் என்றால் குடும்பம் குடைசாய்ந்துவிடும் என்பது அவருடைய தீர்மானம்.

வயது ஐம்பது இருக்கலாம். வற்றிப்போன உடம்பு. காதில் சிவப்புக்கல் கடுக்கன். யாரோ ஒரு ரயில்வே கார்டு கழித்துப் போட்ட கறுப்புக் கோட்டை எங்கேயோ பிடித்திருக்கிறார். அதில் பொத்தான் இரண்டுதான் மிச்சம். சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றமாட்டார். குதிரை ஒரு செவலைப் பெட்டை. அதை அவர் சாட்டையால் அடித்து நான் பார்த்ததில்லை. சாட்டைக் கம்பைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் கொடுப்பார். கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பும். பாலத்தில் நடக்கிறவர்கள் விழுந்தடித்து ஒதுங்குவார்கள், செவலை பறக்கும். உள்ளே இருக்கிறவர்கள் கூண்டின் கம்பிகளைப் பற்றிக்கொண்டு அவரவர் தெய்வத்தை நினைத்துக்கொள்வார்கள். “எங்கிட்ட இருக்கதுதான் வண்டி. மத்தவன்கிட்ட இருக்கது சக்கரம் வச்ச கட்டிலு” என்பார்.

வழியெல்லாம் தீர்ப்புத்தான். எதிரே வருகிறவன் கடிவாள வாரைப் பிடித்திருக்கும் விதம் சரியில்லை. கயிற்றில் துணி காயப்போடுகிறவன் மாதிரிப் பிடித்திருக்கிறான். முன்னால் போகிறவனுக்கு நடுரோடு எது என்றே தெரியவில்லை. மாட்டு வண்டிக்காரர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள், அவர்களை மாடு ஓட்டுகிறது. போன வருஷம் ஒரு ஜமீன்தாருடைய மோட்டார் வண்டி கொக்கிரகுளம் வழியாகப் போயிற்று. ஊரே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பலவேசம் மட்டும் அதை ஓட்டிவந்த ஆளைத்தான் பார்த்தார். “ஒரு தாம்பாளத்தக் கையில பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கான், கேட்டியளா. இதுல அவன் ஓட்டுததுக்கு என்ன இருக்கு?” என்று அதோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டார். தம்மை மட்டும் ஒரு நாள் அதில் உட்காரவைத்தால் மோட்டாருக்கே போகக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஒருநாள் வாயைக் கிளறுவதற்காகவே கேட்டேன். இந்த ஸ்டேஷன் வண்டிக்காரர்கள் நாற்பது பேரையும் வரிசைப்படுத்தினால் உமக்கு எத்தனையாவது இடம் என்று. அவர் நியாயமாகச் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிற முகத்தோடு கொஞ்ச தூரம் ஓட்டினார்.

“நம்மள நாமளே சொல்லிக்கிடக் கூடாது. இருந்தாலும் கேட்டுட்டிய. மொதல்ல நான். அப்புறம் ஒரு பத்து எடம் காலி. அதுக்கு அங்கன வேணும்னா காஜா பாயிலேருந்து ஆரம்பிச்சுக்கிடுங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோரு ஆசிரியர்கள். பதினோரு பேரும் மற்றப் பத்துப் பேரைவிட நன்றாகக் கணக்குச் சொல்லித் தருகிறவர்கள். பதினொன்றில் நானும் ஒருவன். ஆண்டுப் பரீட்சையில் பையன்கள் தவறினால் அது அவர்களுக்கு முந்தின வகுப்பில் சொல்லித் தந்தவருடைய குற்றம். தேறினால் என்னால். பிற்பாடு மற்ற வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியே இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பலவேசம் காலியாக விட்ட பத்து இடங்களும் அவர்களில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் முதல் இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

காஜா முகைதீன் மேலப்பாளையத்துக்காரர். பலவேசத்தின் வயதுதான். நரைத்த தாடி, சதா வெற்றிலை மெல்லும் வாய். அவர் வண்டி போகிற வேகத்தில் பள்ளிக்கூடம் போனால் விடுமுறை விட்டபிறகுதான் போய்ச் சேரலாம். இறக்கம் வந்தால் கீழே குதித்துக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். எதிரே யார் வந்தாலும் ஒதுங்கி நின்றுவிடுவார். பலவேசத்துக்கு அவரைப் பார்த்தாலே வாய் ஊறும். “அந்த வண்டியில ஏறிப் போறதுக்கு அந்த வண்டியத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நடந்தாக்க வெரசாப் போயிரலாம்” என்பார். காஜா முகைதீன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. வரிசையில் அவருடைய இடம் என்ன என்று நான் கேட்டபோது, குதிரையிடம் கேட்க வேண்டிய கேள்வி அது என்று சொல்லிவிட்டார். என் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். முதல் இடத்துக்கு அதுவும் ஒரு வழியோ என்னவோ.

சரி, அப்படியானால் பலவேசத்தின் வண்டி எங்கேயும் முட்டியதில்லையா என்று கேட்கலாம். முட்டாத இடம் இல்லை. ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அவருடைய சக்கரக் குடம் உரசிய தடம் மூன்று இடத்தில் இருக்கிறது. அந்தச் சுவரைக் கட்டினவன் நூல் பிடிக்காமல் கட்டிவிட்டானாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு குயவருடைய பானைகள் நொறுங்கின. சக்கரம் போகிற தடத்தில் கொண்டுவந்து பானையை வைத்தால் சக்கரம் எங்கே போகும்? வக்கீல் குமாஸ்தா ஒருவர் பாலத்தின் நடுவில் பின்வாசல் வழியாக வண்டியிலிருந்து வெளியே வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார், காகிதக் கட்டோடு. அதற்குப் பலவேசம் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். “பின்பாரம்.” சுவர், பானை, குமாஸ்தா, மழை, லாடம் அடித்த கொல்லர் என்று எல்லோரிடமும் குற்றம் உண்டு. வாரைப் பிடித்த கை மட்டும் சுத்தம்.

இவ்வளவு பெரிய கெட்டிக்காரரின் மனைவி சந்தனமாரி அம்மாள், அவர் வண்டியில் ஏறுவதில்லை. நான் இதை வெகுநாள் கவனிக்கவில்லை. முருகன்குறிச்சியில் அவர்கள் வீடு. அங்கிருந்து பாலம் தாண்டிச் சந்தைக்கு அந்த அம்மாள் தலையில் கூடையோடு நடந்து போவார். காலி வண்டியோடு பலவேசம் பக்கத்திலேயே வருவார். “ஏறேன்” என்பார். அந்த அம்மாள் ரோட்டைப் பார்த்து நடப்பார். இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே வந்து பார்த்துவிட்டு, அவர் சாட்டைக் கம்பைச் சக்கரத்தில் கொடுத்துக்கொண்டு பறந்துவிடுவார். புருஷனுக்கும் மனைவிக்கும் ஏதோ ஊடல் என்று நினைத்து, அதைப் பற்றிக் கேலி செய்யக்கூட ஒருமுறை வாய் எடுத்தேன். நல்ல வேளையாக அன்று ஏதோ தடுத்துவிட்டது.

காரணத்தை எனக்குச் சொன்னவர் காஜா முகைதீன். செவலைக்கு வயிற்று நோவு கண்டு பலவேசம் வராத ஒரு திங்கட்கிழமை நான் இவர் வண்டியில் போனேன். பாலத்து முடிவில் அவர் இறங்கிக் குதிரையோடு நடந்தபோது, ரோட்டில் ஒரு பள்ளத்தைக் காட்டித் தம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பலவேசத்துக்கு ஒரே மகள், கோமு. அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் அப்பாவின் வண்டி. அப்பாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. பாலத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தது காஜா முகைதீன் வண்டி. மகள் பார்க்க அதை முந்தாமல் இருக்கப் பலவேசத்தால் முடியவில்லை. சாட்டைக் கம்பு சக்கரத்துக்குப் போயிற்று. பாலத்து முடிவில் அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. ஏர்க்கால் தூக்கிக்கொண்டது, உள்ளே இருந்த பெண் சறுக்கிப் போய்ப் பின்சட்டத்தில் மோதினாள்.

மூன்றாம் நாள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்க்கும் வெள்ளைக்காரத் துரைசானியம்மாள், பிள்ளை வயிற்றிலேயே வலுவில்லாமல் இருந்திருக்கிறது, வண்டி குலுங்கினதால் இல்லை என்று சொன்னாராம். அது உண்மையாகவே இருக்கலாம். வீட்டில் யாரும் பலவேசத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், உள்ளே படுத்திருந்த மகளுக்குக் கேட்கும்படி அவர் சொன்னதை, அன்று அங்கே போயிருந்த காஜா முகைதீன் தம் காதால் கேட்டிருக்கிறார்.

“நான் அப்பமே சொன்னேன், முன்னால தள்ளி உக்காருன்னு. கேக்கலியே. பின்பாரம் ஆயிட்டு.”

சந்தனமாரி அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம். அன்றிலிருந்துதான் நடை.

 அடுத்த வாரம் பலவேசம், “முன்னால வாங்க வாத்தியாரையா” என்றபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அவர் வழக்கம்போல எதிரே வந்தவனுடைய வாரைப் பற்றி ஏதோ சொன்னார், நான் சிரித்துவிட்டேன். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இடம் தராத மனிதர்களில் அவர் ஒருவர்.

போன தை மாதம் கோமுவை மறுபடி அழைத்து வந்தார்கள். இந்தத் தடவை ஒன்பதாம் மாதம். இரண்டாவது பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. ஆனால் தலைப்பிள்ளை தங்கவில்லை, துரைசானியம்மாள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று மாப்பிள்ளை வீட்டாரே சம்மதித்திருந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அந்தத் துரைசானியம்மாள் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சந்தனமாரி அம்மாள் அம்பாசமுத்திரம் போய் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். நான் அதே ரயிலில் சேரன்மகாதேவியில் ஏறியவன். அவர்கள் இருந்தது எனக்குத் தெரியாது. பாலம் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

பலவேசம் வண்டியில் அன்று புதுப் புல். அதன்மேல் புதுப் பத்தமடைப் பாய், ஒரு தலையணை. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார். செவலையின் கழுத்தில் ஒரு மணி வேறு. தம் மகளைக் கூட்டிக்கொண்டு போகத் தம்மை விட்டால் எவன் இருக்கிறான் என்று ஒரு வாரமாக ஸ்டேஷன் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் வண்டிக்காரர்கள் எல்லோரும் சவாரி பிடிக்கிற வேலையைக்கூடக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நின்றிருந்தார்கள். பார்க்க ஆசைப்பட்டவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. நான் பயந்தவன்.

கோமு ஒரு கையை அம்மாவின் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். வட்ட முகம், வெளுத்திருந்தது. சந்தனமாரி அம்மாளின் பார்வை வரிசையின் கடைசியில் நின்ற காஜா முகைதீன் வண்டிக்கு ஒருமுறை போய்த் திரும்பியது.  மூன்று வருஷத்தில் அந்த அம்மாளின் வாய் இந்த விஷயத்துக்காகத் திறந்ததே இல்லை. பலவேசம் முன்னால் ஓடிவந்து பின்படியைத் துடைத்தார். கோமு படியில் கை வைத்தாள். வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி, அவருக்குத் தைரியம் சொல்கிறவள்போலச் சொன்னாள்.

“இந்தத் தடவ நான் நல்லா முன்னால தள்ளியே உக்காந்துக்கிடுதேன்ப்பா. நீங்க பயப்படாதிய.”

அவள் மனசில் வஞ்சகம் கிடையாது. குத்திக்காட்டச் சொன்னதும் இல்லை. மூன்று வருஷமாக அந்தப் பெண் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். தான் உட்கார்ந்த இடம் சரியில்லாததால்தான் பிள்ளை போயிற்று என்று. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலவேசத்தைப் பார்த்தேன்.

அவர் கை ஏர்க்காலை அமுக்கிப் பார்க்கப் போனது. பாதியில் நின்றது. கோட்டிலிருந்த இரண்டு பொத்தான்களில் ஒன்றைப் பிடித்துத் திருகினார். 

“நீ எங்கன தோணுதோ அங்கன உக்காரு தாயி” என்றார் கடைசியில். “ஒன் மேல ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல.”

சொல்லிவிட்டு அவளுடைய கையைப் படியிலிருந்து எடுத்துவிட்டார். அப்படியே திரும்பி, வரிசையில் நின்ற அத்தனை வண்டிகளையும் கடந்து கடைசி வண்டிக்கு நடந்து போனார்.

“பாய், நீரு ஓட்டும்.”

 காஜா முகைதீன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக, உம்முடைய குதிரைக்கு என்ன என்று கேட்டார். பலவேசத்துக்கு அப்போதுதான் தாம் எத்தனை பேர் நடுவில் நிற்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். முகம் சுண்டிவிட்டது. லாடம் ஆடுகிறது என்றார்.

காஜா முகைதீன் இறங்கிவந்து செவலையின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். நான் ஓரடி தூரத்தில் நின்றேன். லாடம் அசையவில்லை. ஆணி ஒவ்வொன்றும் இறுகி உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார்.

“ஆமா. ஆடத்தான் செய்யுது. இத வச்சு ஆள் ஏத்தி ஓட்டப்படாது வே” என்றார், எல்லோருக்கும் கேட்கும் குரலில்.

மாரிக்கண்ணு என்று ஒரு துடுக்கான வண்டிக்காரன் சிரிக்க ஆரம்பித்தான். காஜா முகைதீன் குனிந்தவாக்கிலேயே தலையை மட்டும் தூக்கி அவனைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தமடைப் பாயும் தலையணையும் புல்லும் வண்டி மாறின. சந்தனமாரி அம்மாள் முதலில் ஏறி, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பலவேசம் பின்வாசல் ஓரத்தில் ஏறிக்கொண்டார். ஏறினவர் என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. “வாத்தியாரையா, செவலையோட வாரைப் பிடிச்சுக்கிட்டு எம்பொறத்தால வாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அது தன்னால வரும்” என்றார். அந்த வாரை அவர் வேறு ஒருவர் கையில் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

அப்படியாக நானும் ஒரு நாள் குதிரை வண்டி ஓட்டினேன். மிக நன்றாகவே ஓட்டினேன் என்பது என் அபிப்பிராயம். செவலை முன்வண்டியின் பின்னால் ஆற அமர நடந்தது, அதில் என் சாமர்த்தியமும் கொஞ்சம் இருந்தது. பாலத்தின் பாதி தாண்டுவதற்குள், எதிரே வந்த ஒரு வண்டிக்காரன் வாரை இன்னும் தளரப் பிடித்திருக்கலாமே என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்த நோய் வாரைத் தொட்டதும் தொற்றிக்கொள்கிறது போலும்.

எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மாரிக்கண்ணு போனான். வைக்கோல் ஏற்றின மாட்டு வண்டி ஒன்று போயிற்று. தலையில் மீன் கூடையோடு குலசேகரன்பட்டினத்துப் பெண்கள் நாலு பேர் வீசி நடந்து எங்களைத் தாண்டினார்கள். முன்வண்டியிலிருந்து அவர்களைப் பற்றி ஒரு பேச்சு வரவில்லை. மேற்கே ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்து முடிவு வந்ததும் காஜா முகைதீன் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளத்தை விட்டு விலக்கி, ஒரு சக்கரம் ரோட்டு ஓரத்து மண்ணில் படும்படி குதிரையை அணைத்து நடத்தினார்.

திறந்திருந்த பின்வாசல் வழியாக எனக்குப் பலவேசம் நன்றாகத் தெரிந்தார். கூண்டுச் சட்டத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குதிரையின் காதுகளையே பார்த்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் மூடியிருந்தன. முழங்கைகள் விலாவில் ஒட்டியிருந்தன. இல்லாத வாரை முழுப் பலத்தோடு பின்னால் இழுத்துப் பிடித்திருந்தார். பள்ளம் கடந்து, ரோடு சமமாகி, காஜா முகைதீன் மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகும், முருகன்குறிச்சி வரைக்கும் அந்தக் கைகள் தளரவே இல்லை.